கீ வேற, எழுத்து வேற

இந்த எபிசோடு கோட் எழுதுறவங்களுக்கானது. ஆனா எழுதாதவங்களும் கேட்கலாம், ஏன்னா நீங்க அடிக்கடி படுற ஒரு எரிச்சலுக்கு இதுல விடை இருக்கு.

ஒரு கேமுக்குள்ள சாட் பாக்ஸ் இருக்கு. தமிழ்99 கீபோர்டை ஆன் பண்ணிட்டு நண்பனுக்கு "வரேன்டா"ன்னு அடிக்கிறீங்க. ஒண்ணுமே விழல. இல்லைன்னா ஆங்கில எழுத்து விழுது. அதைவிட மோசமா, நீங்க அடிக்கிற ஒவ்வொரு கீக்கும் பின்னாடி நிக்கிற கேரக்டர் குதிச்சுக்கிட்டு இருக்கு. "இதுல தமிழ் ஃபான்ட் இல்ல போல"ன்னு முடிவு பண்ணிட்டு, தங்கிலீஷ்ல அடிச்சிட்டுப் போயிடறோம்.

பல நேரம் பிரச்சினை ஃபான்ட்ல இல்ல. அந்த புரோகிராமை எழுதினவர் மனசுல ஒரு வரி இருந்திருக்கு: "கீயை அழுத்தினா எழுத்து வரும்." ஆங்கிலம் மட்டும் டைப் பண்றவரைக்கும் அந்த வரி உண்மை மாதிரியே தெரியும். வேற மொழி, வேற ஆபரேட்டிங் சிஸ்டம்னு போனதும் உடைஞ்சிடும். இன்னிக்கு அது எங்கெல்லாம் உடையுது, எப்படி எழுதினா உடையாதுன்னு பார்ப்போம்.

ஒரு கீ, அஞ்சு நம்பர்

முதல் விஷயம். உங்க கீபோர்டுக்கு எழுத்தே தெரியாது. ஏ-ன்னு அச்சடிச்சிருக்கே, அது வெறும் மை. உள்ள இருக்கிற சின்ன சிப்புக்குத் தெரிஞ்சதெல்லாம் "இந்த இடத்துல இருக்கிற பட்டன் அழுந்திச்சு, இப்போ விடுபட்டுச்சு" அவ்வளவுதான். அந்த இடத்துக்கு ஒரு நம்பர் உண்டு. அதைத்தான் அனுப்புது.

யூஎஸ்பி கீபோர்டுல ஏ கீயோட நம்பர் 4. அது லினக்ஸ் கெர்னலுக்குள்ள போனதும் 30 ஆகுது. அதே லினக்ஸ்ல எக்ஸ்11 வழியா உங்க புரோகிராமுக்கு வரும்போது 8 கூடி 38 ஆகுது. விண்டோஸ்ல அதோட விர்ச்சுவல் கீ நம்பர் 65. மேக்ல 0.

ஆமா, பூஜ்யம். "கீகோட் பூஜ்யமா இருந்தா எந்தக் கீயும் அழுத்தலை"ன்னு ஒரு இஃப் கண்டிஷன் போட்டு வெச்சா, மேக்ல ஏ கீ மட்டும் வேலை செய்யாது. விண்டோஸ்ல டெஸ்ட் பண்ணினவருக்கு இது கண்ணுலயே படாது.

ஸோ, நம்பரை நேரா கோடுக்குள்ள எழுதாதீங்க. ஆனா அது சின்ன விஷயம்தான், ஒரு டேபிள் போட்டு இந்த நம்பருக்கு அந்த நம்பர்னு மாத்திடலாம். பெரிய விஷயம் அடுத்தது.

வீட்டு நம்பர், குடியிருக்கிறவர்

ஒரு அபார்ட்மென்ட்டை நினைச்சுக்கோங்க. கீங்கிறது வீட்டு நம்பர். எழுத்துங்கிறது அந்த வீட்டுல குடியிருக்கிறவர். கீபோர்டு லேஅவுட்டை மாத்தினா வீட்டு நம்பர் அப்படியே இருக்கும், குடித்தனம் மட்டும் மாறும்.

அதனால ஒரு கீ அழுந்தும்போது நீங்க மூணு தனித்தனிக் கேள்வி கேட்கலாம். எந்த இடத்துல இருக்கிற கீ? இப்போதைய லேஅவுட்படி அந்தக் கீக்கு என்ன பேரு? அதனால எந்த எழுத்து உருவாச்சு? முதல் கேள்விக்கான பதில் ஸ்கேன்கோட். ரெண்டாவது கீகோட். மூணாவது டெக்ஸ்ட். இன்புட் பக்கம் வர்ற பல பிழைகளுக்குக் காரணம், ஒரு கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்துல இன்னொண்ணைக் கேட்டதுதான்.

கேம்ல நடக்க டபிள்யூ, ஏ, எஸ், டி கீகளை வெச்சிருக்கோம். ஏன் அந்த நாலு? அந்த எழுத்துக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா? இல்ல. இடது கை விரல் இயல்பா உட்காரும் இடம் அது. அப்போ நமக்குத் தேவை இடம்தான். ஃபிரான்ஸ்ல புழங்குற அசெர்ட்டி லேஅவுட்ல அதே நாலு இடத்துல இருக்கிறது இசட், க்யூ, எஸ், டி. நீங்க எழுத்தைப் பார்த்து கோட் எழுதினா, அந்த ஊர்க்காரர் டபிள்யூவைத் தேடிக் கீழ் வரிசைக்கும் ஏவைத் தேடி மேல் வரிசைக்கும் விரலை நீட்டணும். தமிழ்99 ஆன்ல இருந்தா அந்த நாலு இடத்துல வர்றது ஈ, அ, இ, உ. கேரக்டர் நின்ன இடத்துலயே நிக்கும்.

"அப்போ எல்லாத்துக்கும் ஸ்கேன்கோட் போதுமே"ன்னு தோணும். போதாது. அன்டூவுக்குக் கன்ட்ரோல்+இசட். ஜெர்மன் கீபோர்டுல இசட்டும் ஒய்யும் இடம் மாறி இருக்கும். நீங்க இடத்தைப் பார்த்து எழுதினா, ஜெர்மனிக்காரர் இசட்னு எழுதியிருக்கிற கீயை அழுத்தினதும் உங்க புரோகிராம் அதைக் கன்ட்ரோல்+ஒய்னு புரிஞ்சுக்கும். அன்டூ கேட்டவருக்கு ரீடூ கிடைக்கும். ஷார்ட்கட்டுக்கு எழுத்தோட பேரு முக்கியம், அதனால இங்க கீகோட்.

நடக்க ஸ்கேன்கோட், ஷார்ட்கட்டுக்குக் கீகோட், எழுத டெக்ஸ்ட். இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கிட்டாலே போதும். மீதியெல்லாம் இதோட விளக்கம்தான்.

"அம்மா" டெஸ்ட்

மூணாவது கேள்விக்கு வருவோம், நமக்கு வலிக்கிற இடம் அதுதான். தமிழ்99, 1999-ல சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்தின லேஅவுட். உயிரெழுத்துக்கள் இடது கைப் பக்கம், மெய் வரிசை பெரும்பாலும் வலது கைப் பக்கம்.

இதுல "அம்மா"ன்னு அடிக்க நாலு கீ. ஏ இடத்துல அ. கே இடத்துல ம. திரும்பவும் கே. இந்த ரெண்டாவது ம வந்ததும், தமிழ்99 விதிப்படி முதல் ம-வுக்குத் தானா புள்ளி விழுந்து "ம்ம" ஆகுது. கடைசியா க்யூ. தனியா அழுத்தினா அது ஆ. ஆனா முன்னாடி ம இருக்கிறதால துணைக்காலா மாறி "மா" ஆகுது.

இப்போ கணக்கு பாருங்க. அழுத்தினது 4 கீ. கண்ணுக்குத் தெரியுற எழுத்து 3: அ, ம், மா. யூனிகோட் கணக்குல 5 குறியீடு: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். யூடிஎஃப்-8 ஆ சேமிச்சா 15 பைட். ஒண்ணுக்கொண்ணு பொருந்தவே இல்ல. மூணாவது கீயை அழுத்தினப்போ ஏற்கனவே எழுதின எழுத்து பின்னாடி போய் மாறிச்சு. நாலாவது கீ என்ன எழுத்து தரும்னு அந்தக் கீயை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது.

"கீ டவுன் வந்துச்சா, அதை ஒரு எழுத்தா மாத்தி ஸ்ட்ரிங்ல சேர்"னு எழுதின சாட் பாக்ஸ் இந்த நாலு கீயில எதைப் புரிஞ்சுக்கும்? ஆங்கிலத்துல ஒரு கீ, ஒரு எழுத்து, ஒரு குறியீடு, ஒரு பைட்னு நாலும் தற்செயலா ஒண்ணா இருக்கு. அந்தத் தற்செயலை விதின்னு நம்பினதுதான் சிக்கல்.

நல்ல செய்தி, இந்தக் கணக்கை நீங்க போட வேண்டாம். ஆபரேட்டிங் சிஸ்டமும் அதோட இன்புட் மெத்தடும் போட்டுத் தரும். விண்டோஸ்ல கீ டவுன் மெசேஜ் ஒண்ணு, எழுத்துக்கான கேரக்டர் மெசேஜ் தனியா இன்னொண்ணு. மேக்ல வர்ற கீ ஈவென்ட்டை சிஸ்டத்தோட டெக்ஸ்ட் இன்புட் பகுதிகிட்ட கொடுத்தா, "இந்த டெக்ஸ்ட்டைச் சேர்"னு அது திருப்பிச் சொல்லும். லினக்ஸ்ல ஐபஸ், ஃப்சிடிஎக்ஸ் மாதிரி இன்புட் மெத்தடுகள் அந்த வேலையைச் செய்யுது. நீங்க செய்ய வேண்டியது, கீயை எழுத்தா மாத்துற வேலையைக் கையில எடுக்காம, முடிவான டெக்ஸ்ட் வரும்வரை காத்திருக்கிறது.

இன்னொரு நிலையும் உண்டு: எழுத்து இன்னும் முடிவாகலை, உருவாகிட்டு இருக்கு. ஜப்பானிய மொழி, சீன மொழி டைப் பண்றவங்களுக்கு இது தினசரி. ஆங்கில எழுத்துல அடிச்சுத் தமிழ் வரவைக்கிற கீபோர்டுகள்லயும் வரும். கோடு போட்டு ஒரு வார்த்தை நிக்கும், கீழ பரிந்துரைகள் வரும், என்டர் தட்டினா அந்த வார்த்தை உறுதியாகும். இந்த என்டரைப் பார்த்துட்டு உங்க சாட் பாக்ஸ் மெசேஜையே அனுப்பிடுச்சுன்னா? பாதி வாக்கியம் நண்பனுக்குப் போயிடும். பிரவுசர்ல எழுதுறீங்கன்னா, கீ ஈவென்ட்டுக்குள்ள "எழுத்து இப்போ உருவாகிட்டு இருக்கா"ன்னு சொல்ற ஒரு கொடி இருக்கு. அதைப் பார்த்துட்டு என்டரைக் கவனிங்க.

பேக்ஸ்பேஸையும் மறந்துடாதீங்க. ஒரு தடவை தட்டினா ஒரு பைட்டை எடுத்தா, தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் மூணு பைட்ங்கிறதால நடுவுல வெட்டுப்பட்டுக் கேள்விக்குறியா நிக்கும். குறைஞ்சது ஒரு முழுக் குறியீட்டை எடுக்கணும். ஆனா கர்சர் நகர்த்தும்போது "மா"வோட நடுவுல நிக்கக் கூடாது, முழு எழுத்தைத் தாண்டணும்.

கன்ட்ரோல், கமாண்ட், ஒட்டிக்கிற கீ

இனி ஷார்ட்கட். விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் காப்பிக்குக் கன்ட்ரோல்+சி, மேக்ல கமாண்ட்+சி. இது எல்லாருக்கும் தெரியும். மேக்ல கன்ட்ரோலை அழுத்திக்கிட்டு கிளிக் பண்ணினா அது ரைட் கிளிக்ங்கிறதைப் பலர் மறந்துடறாங்க. கோட்ல "கன்ட்ரோல்"னு எழுதாம "முதன்மை மாடிஃபையர்"னு ஒரு பேரு வெச்சு, சிஸ்டத்தைப் பொறுத்து அதை மாத்துங்க.

இதுல இன்னொரு பொறி. ஐரோப்பிய கீபோர்டுகள்ல வலது பக்கம் ஆல்ட்-ஜிஆர்னு ஒரு கீ உண்டு. விண்டோஸ் அதைக் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து அழுந்தினதா உங்ககிட்ட சொல்லும். ஜெர்மன் கீபோர்டுல இமெயில் முகவரிக்கான "அட்" குறி வர ஆல்ட்-ஜிஆரும் க்யூவும். உங்க புரோகிராம்ல கன்ட்ரோல்+ஆல்ட்+க்யூ தட்டினா வெளியேறும்னு வெச்சிருந்தா, அவர் இமெயில் அடிக்கும்போது ஆப் மூடிக்கும்.

தமிழ் லேஅவுட்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. லினக்ஸ்ல லேஅவுட்டைத் தமிழுக்கு மாத்தினா, கீயோட பேரே தமிழ் எழுத்தா மாறலாம். சி கீ தமிழ்99-ல ஒ. கன்ட்ரோல்+சி-யைத் தேடுற கோடுக்குக் கன்ட்ரோல்+ஒ கிடைக்கும், காப்பி ஆகாது. அதனால கிடைச்ச பேரு லத்தீன் எழுத்தா இல்லைன்னா, பயனரோட மத்த லேஅவுட்கள்லயோ இடத்தை வெச்சோ தேடுற மாற்று வழி ஒண்ணு வேணும். நல்ல டூல்கிட்கள் இதைத் தானே செய்யும். நீங்களா எழுதினா நீங்கதான் செய்யணும்.

அடுத்தது, ஒட்டிக்கிற கீ. கேம்ல டபிள்யூவை அழுத்திட்டே ஆல்ட்+டேப் போட்டு வேற விண்டோவுக்குப் போறீங்க. அங்க விரலை எடுக்கறீங்க. "விடுபட்டுச்சு"ங்கிற தகவல் கேமுக்கு வராது. திரும்பி வந்தா கேரக்டர் சுவத்துல முட்டி நடந்துக்கிட்டே இருக்கும். மேக்ல இன்னொரு விதம்: கமாண்டை அழுத்தியிருக்கும்போது மத்த கீகள் விடுபடுற ஈவென்ட் வழக்கமான வழியில வராது. மருந்து எளிது. விண்டோ ஃபோகஸை இழந்ததும் எல்லாக் கீயும் விடுபட்டதா வெச்சுக்கோங்க. மேக்ல கமாண்டை விட்டதும் அதையே செய்யுங்க.

கீயை அழுத்திப் பிடிச்சா திரும்பத் திரும்ப வருமே, அதுவும் ஊருக்கு ஒரு வழக்கம். விண்டோஸ் கீ டவுனையே திரும்ப அனுப்பி, "இது ஏற்கனவே அழுந்தியிருந்தது"ன்னு ஒரு பிட்ல சொல்லும். எக்ஸ்11 சாதாரணமா விட்ட மாதிரியும் அழுத்தின மாதிரியும் ஜோடி ஜோடியா அனுப்பும். பிடிச்சு வெச்சு விட்டா சுடுற வில் உங்க கேம்ல இருந்தா, அது தானா அம்பு விட்டுக்கிட்டே இருக்கும். வேலேண்ட் பொதுவா வேகத்தை மட்டும் சொல்லிட்டு, திரும்ப வரவைக்கிற வேலையை உங்ககிட்டயே விட்டுடும்.

மவுஸ்: எங்கே இருக்கு, எவ்வளவு நகர்ந்துச்சு

கீபோர்டுல மூணு கேள்வின்னா, மவுஸ்ல ரெண்டு. பாயின்டர் திரையில எங்க இருக்கு? கை மவுஸை எவ்வளவு நகர்த்திச்சு? பட்டனைக் கிளிக் பண்ண முதல் கேள்வி. கேம்ல தலையைத் திருப்பிப் பார்க்க ரெண்டாவது.

முதல் கேள்வியை வெச்சு ரெண்டாவதுக்கு விடை தேடினா, பாயின்டர் திரையோட ஓரத்துல முட்டினதும் தலை திரும்பாது. பாயின்டரைத் திரும்பத் திரும்ப நடுவுக்கு இழுத்து வைக்கிற பழைய தந்திரம் ஒண்ணு உண்டு. வேலேண்ட்ல அதை நம்ப முடியாது. அங்க பாயின்டரைப் பூட்டிட்டு, நகர்வை மட்டும் தனியா கேட்டு வாங்கணும். விண்டோஸ்ல ரா இன்புட் அதுக்குத்தான். சிஸ்டம் சேர்க்கிற வேக முடுக்கம் இல்லாம கையோட நகர்வு அப்படியே வரும்.

பட்டன் நம்பரும் ஊருக்கு ஒண்ணு. பிரவுசர்ல இடது 0, நடு 1, வலது 2. ஜிஎல்எஃப்டபிள்யூ லைப்ரரில இடது 0, வலது 1, நடு 2. ஒரே கேமைப் பிரவுசருக்கும் டெஸ்க்டாப்புக்கும் கொண்டு போறவங்களுக்கு வலதும் நடுவும் இடம் மாறிடும்.

சக்கரம்? எக்ஸ்11-ல அது 4, 5-ங்கிற ரெண்டு பட்டன். விண்டோஸ்ல ஒரு கடிப்புக்கு 120. 120-ஆல வகுத்து முழு எண்ணா வெச்சுக்கிட்டா, நுணுக்கமா நகர்ற சக்கரங்கள் 30, 40-ன்னு அனுப்பும்போது விடை எப்பவும் பூஜ்யம், பக்கம் நகராது. மீதியைச் சேர்த்து வைங்க. மேக் டிராக்பேட்ல விரலை எடுத்த பிறகும் உந்துதல்ல ஈவென்ட் வந்துக்கிட்டே இருக்கும்.

ஆயத்தொலைவும் அப்படித்தான். விண்டோஸ்ல மேல் இடது மூலை பூஜ்யம். மேக்ல ஆப்கிட் வழக்கப்படி கீழ் இடது மூலை. ரெட்டினா திரைல சிஸ்டம் 100-ன்னு சொல்ற புள்ளி, படத்துல 200-ஆவது பிக்சல். விண்டோஸ்ல ரெண்டாவது மானிட்டரை முதல் மானிட்டரோட இடது பக்கம் வெச்சா அங்க எண்கள் மைனஸ்ல வரும். "திரையில மைனஸ் எப்படி வரும்"னு நினைச்சு எழுதின கோட் அந்த மானிட்டர்ல தடுமாறும்.

எல்லாரும் எல்லாத்தையும் கேட்கலாமா?

இன்னொரு வித்தியாசம், இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. நீங்க வேற ஆப்ல இருக்கும்போதும் ஒரு கீயைக் கேட்கணும்னு வைங்க, உதாரணமா அழுத்திப் பிடிச்சாதான் மைக் ஆன் ஆகணும். எக்ஸ்11-ல எந்தப் புரோகிராமும் மத்த எல்லா விண்டோவோட கீகளையும் கேட்க முடியும். உங்க பாஸ்வேர்டையும் சேர்த்துத்தான். வேலேண்ட் அந்தக் கதவைச் சாத்திடுச்சு: ஃபோகஸ் எங்க இருக்கோ அந்த விண்டோவுக்கு மட்டும்தான் கீ போகும். பொது ஷார்ட்கட் வேணும்னா டெஸ்க்டாப்கிட்ட முறையா கேட்டு வாங்கணும். மேக்லயும் 2019-ல வந்த கேட்டலினாவுல இருந்து பயனர் செட்டிங்ஸ்ல அனுமதி தரணும்.

"லினக்ஸ்ல இது வேலை செய்யலை"ன்னு டெவலப்பர்கள் புலம்புறதைக் கேட்டிருப்பீங்க. என் கருத்து, இந்த விஷயத்துல அந்தத் தொல்லை நியாயமானது. நம்ம வசதிக்காகத் திறந்திருந்த கதவு, திருடனுக்கும் திறந்துதான் இருந்துச்சு.

அப்போ என்ன செய்யறது?

இதையெல்லாம் நீங்களே எழுத வேண்டாம், லைப்ரரி இருக்கு. எஸ்டிஎல் ஸ்கேன்கோட், கீகோட் ரெண்டையும் ஒரே ஈவென்ட்ல தரும், டெக்ஸ்டைத் தனி ஈவென்ட்டா தரும். அதோட மூணாவது பதிப்புல, டெக்ஸ்ட் வேணும்னு நீங்க கேட்டாதான் வரும். சாட் பாக்ஸ் திறந்ததும் கேளுங்க, மூடினதும் நிறுத்துங்க. சாட் திறந்திருக்கும்போது நடக்கிற கீகளைக் கேமுக்கு அனுப்பாதீங்க, கேரக்டர் குதிக்கிறது அதோட நிக்கும். ரஸ்ட்ல வினிட் லைப்ரரியோட கீ ஈவென்ட்ல இடம், பேரு, எழுத்துன்னு மூணுக்கும் தனித்தனி ஃபீல்டே இருக்கு. பிரவுசர்ல இடத்துக்கு கோட், பேருக்குக் கீ, எழுத்துக்கு இன்புட் ஈவென்ட். பழைய கீகோட் ஃபீல்டைப் புதுக் கோட்ல தொடாதீங்க, மொபைல் கீபோர்டுகள்ல அது பல நேரம் 229-ன்னு மட்டுமே சொல்லும்.

ஆனா லைப்ரரி மூணு பதிலையும் கையில கொடுத்தாலும், எந்த இடத்துல எந்தக் கேள்வி கேட்கணும்னு அதுக்குத் தெரியாது. அது நம்ம வேலை.

ரிலீஸுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. லேஅவுட்டை ஃபிரெஞ்சுக்கு மாத்தி நடந்து பாருங்க. ஜெர்மனுக்கு மாத்தி அன்டூ போடுங்க, இமெயில் அடிங்க. ஒரு கீயை அழுத்திக்கிட்டே விண்டோ மாறுங்க. கடைசியா தமிழ்99-ஐ ஆன் பண்ணி, ஏ, கே, கே, க்யூ தட்டுங்க. திரையில "அம்மா" வந்து, மூணு எழுத்தையும் கர்சர் சரியா தாண்டிச்சுன்னா, தமிழ்ல பேச நினைக்கிற ஒருத்தர் உங்க ஆப்ல தங்கிலீஷுக்குப் போக வேண்டியதில்ல.

உங்க ஆப்ல இந்த டெஸ்ட் எந்தப் படியில உடைஞ்சுதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.